மம்பட்டி பிடித்த கையும் புல்வெட்டும் மெஷினும்

பாளையங்கோட்டையில் கல்விக்கூடங்களுக்குப் பஞ்சமில்லை. 1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஹைகிரவுண்டில் 1965-இல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி, அபிஷேகப்பட்டியில் 1990-இல் வந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், கொஞ்சம் வடக்கே போனால் கங்கைகொண்டான் சிப்காட், தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ வளாகம், அதற்கும் அப்பால் கூடங்குளம் அணுமின் நிலையக் குடியிருப்பு. இத்தனை இடங்களிலும் காம்பவுண்டுச் சுவருக்குள் மரம், புல்தரை, வேலிச்செடி, மைதானம் என்று ஏதாவது இருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வேலையை எங்கே கற்றார்கள் என்று கேட்டால் மட்டும் நேரான பதில் வராது. "வந்து பழகிக்கிட்டாங்க" என்பார்கள்.

பழகிக்கொண்டது உண்மைதான். ஆனால் யாரும் வெறுங்கையோடு வந்து பழகவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வளாகத் தோட்ட வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வயலில் இருந்து வந்தவர்கள். தாமிரபரணிக் கால்வாய்களை ஒட்டிய ஊர்களில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் பார்த்தவர்கள், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் பருத்தியும் உளுந்தும் களையெடுத்தவர்கள், திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் கன்றுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியவர்கள். மம்பட்டியும் களைக்கொத்தும் அரிவாளும் கைக்குப் பழக்கமானவை. பயிற்சி என்று ஒன்றை நடத்துகிறவர்கள் இதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் என் குறை. முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் புதிதாக எது ஏறும், எது ஏறாது என்பது இருக்கிறது. டேவிட் ஆசுபெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968-இலேயே இதை அழுத்திச் சொன்னார். தோட்ட வேலையில் அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது: வயல் கற்றுக்கொடுத்ததில் பாதி இங்கே அப்படியே உதவும், மீதிப் பாதி செடியைக் கெடுக்கும்.

முதலில் வயல் எப்படிக் கற்றுக்கொடுக்கிறது என்று பார்ப்போம். அங்கே யாரும் வகுப்பு எடுப்பதில்லை. அம்மாவோடு நடவுக்குப் போன பெண்பிள்ளை முதலில் வரப்பில் நின்று நாற்றுமுடியை எடுத்துப் போடும். அப்புறம் முடியைப் பிரித்துக் கொடுக்கும். ஒன்றிரண்டு பருவம் போன பிறகு வயலில் இறங்கும், அதுவும் ஓரமாக. ஓரத்தில் பிசகினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, நடுவில் நின்று பிசகினால் மொத்த வரிசையும் கோணிப்போகும். நீர்பாய்ச்சியின் மகனும் இப்படித்தான். எந்த மடையை எப்போது திறப்பது, எவ்வளவு நேரத்தில் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டும் என்பதெல்லாம் அப்பாவுக்குப் பின்னால் நடந்தே தெரிந்துகொண்டவை.

ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-இல் இந்த மாதிரிக் கற்றலைப் பற்றி விரிவாக எழுதினார்கள். லேவ் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகும் பையன்களோடு இருந்து பார்த்தவர். அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. துணி தைக்கும் வரிசை வேறு, பையன் கற்கும் வரிசை வேறு. துணியை முதலில் வெட்டுவார்கள், பிறகு தைப்பார்கள், கடைசியில் ஓரம் மடித்துப் பொத்தான் கட்டுவார்கள். பையனோ பொத்தானில் தொடங்கி, தையலுக்கு வந்து, வெட்டுவதைக் கடைசியாகக் கற்கிறான். பொத்தானைத் தப்பாகக் கட்டினால் பிரித்துக் கட்டலாம். துணியைத் தப்பாக வெட்டினால் துணி போச்சு. அதோடு, முடிந்த சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிய பிறகே கத்தரி கைக்கு வருகிறது.

வளாகத் தோட்டங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. காலையில், ஒப்பந்தத்தில் ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வேனில் புதிதாக ஒருவர் வந்து இறங்குவார். அன்றைக்கே கையில் வேலிக் கத்தரியைக் கொடுத்து வேலியாக நட்ட டூரண்டாச் செடியைக் காட்டி, "டூரண்டாவை லெவல் பண்ணுங்க" என்று சொல்லிவிடுவார்கள். நல்ல லெவல் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு முறையும் பார்த்ததில்லை. அடி அகலமாகவும் தலை கொஞ்சம் ஒடுங்கியும் இருந்தால்தான் கீழ் இலைக்கும் வெயில் படும் என்று யாரும் சொல்லவில்லை. வெட்டுகிற கை தானாக மேலே அகன்று வரும். ஆறு மாதத்தில் அடிப்பக்கம் இலை உதிர்ந்து குச்சி குச்சியாகத் தெரியும். வருவோர் போவோர் எல்லாரும் செடியைக் குறை சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் வெட்டிப் போட்டதை அள்ளிக்கொண்டு, கத்தரி பிடித்தவருக்கு நூல் பிடித்துக் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தால் அந்த ஆளுக்கு வேலி எப்படி இருக்க வேண்டும் என்பது பிடிபட்டிருக்கும்.

சரி, வயல் பழக்கம் எங்கே இடறுகிறது?

தண்ணீரில்தான் முதல் இடறல். நெல்லுக்குத் தண்ணீர் கட்டியவருக்குத் தேங்கி நின்றால்தான் திருப்தி. புல்தரையில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று போகாது, பூஞ்சணம் பிடிக்கும். சிலர் இதற்கு நேர்மாறாக, மேல்மண் நனையும் அளவுக்கு மட்டும் தினமும் ஓஸில் தெளித்துவிட்டுப் போவார்கள். அதுவும் கெடுதல்தான். வேர் கீழே இறங்காமல் மேலேயே சுருண்டு கிடக்கும். சித்திரையில் இரண்டு நாள் மோட்டார் ஓடாவிட்டால் தரை பழுத்துவிடும். ஆழமாக விட்டு, இடைவெளி கொடுத்து, மறுபடி விடுவதே சரி. இதை வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். நான்கு காலி டின்னைப் புல்தரையில் அங்கங்கே வைத்துத் தெளிப்பானைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு டின்னிலும் விரலை விட்டுப் பார்க்கட்டும். ஒன்றில் ஒரு விரற்கடை, இன்னொன்றில் அடி கூட நனையவில்லை என்று அவர்களே சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நின்றால் அது ஒரு லிட்டர். ஐந்து சென்ட் புல்தரை ஏறத்தாழ 200 சதுர மீட்டர். வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 5,000 லிட்டர். டிராக்டரில் இழுத்து வரும் டேங்கர் ஒன்று என்று சொன்னால் கணக்கு யாருக்கும் மறக்காது.

அடுத்தது மம்பட்டி. தென்னையையும் வாழையையும் பார்த்த கைக்கு மரத்தடியைச் சுத்தமாகச் செதுக்கி வட்டப்பாத்தி போட்டால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும். மேலதிகாரிக்கும் அந்தச் சிவந்த வட்டத்தைப் பார்க்கப் பிடிக்கும். வேம்பு, புங்கை, வாகை எதுவானாலும் தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில்தான் பரவிக் கிடக்கின்றன. மாதாமாதம் செதுக்கினால் மாதாமாதம் வேர் அறுபடும். சருகை அள்ளித் தீவைத்துவிட்டால் மண்ணை மூடிக் காக்க ஒன்றும் இல்லை. மாற்று ரொம்பச் சின்னது: சருகை மரத்தடியில் பரப்பிவிடுவது, தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டுவிடுவது. ஆனால் "ஏன் குப்பையாக் கெடக்கு?" என்று கேட்கிற அதிகாரிக்கும் அதே பயிற்சி தேவைப்படும். தொழிலாளிக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் மறுநாளே மம்பட்டி பழைய இடத்துக்குத் திரும்பிவிடும்.

அரிவாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டுக்குக் குழை வெட்டிப் பழகியவர்கள் மரத்தில் ஏறினால் வேலை மளமளவென்று நடக்கும். கிளையின் மேல்பக்கம் இரண்டு போடு, கிளை சாய்கிறது, தன் பாரத்திலேயே முறிந்து விழுகிறது. விழும்போது அடிப்பட்டையையும் தண்டில் இருந்து இரண்டு மூன்று அடி நீளத்துக்கு நாராகக் கிழித்துக்கொண்டு போகிறது. குழை வெட்டுவதில் இது ஒரு பொருட்டில்லை. ஆட்டுக்குத் தழை கிடைத்தால் சரி. வகுப்பறைக்குப் பக்கத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தக் காயம் பத்து வருஷக் கணக்கு. அதில் தண்ணீர் இறங்கி, மரம் உள்ளே உளுத்து, ஏதோ ஒரு ஐப்பசி மழையில் பெரிய கிளை கூரையில் விழும்போது யாருக்கும் அந்தப் பழைய வெட்டு ஞாபகம் இருக்காது.

சரியான முறைக்கு மூன்று வெட்டு. ரம்பத்தால் முதலில் கிளையின் அடிப்பக்கம், தண்டில் இருந்து ஒரு முழம் தள்ளி, கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்நோக்கி ஓர் அறுப்பு. இரண்டாவது, அதற்கும் சற்று வெளியே மேல்பக்கம் இருந்து கீழ்நோக்கி. இப்போது கிளை விழுந்தாலும் பட்டை கிழிசல் முதல் அறுப்போடு நின்றுவிடும். மிஞ்சியிருக்கும் முண்டை மூன்றாவதாக எடுக்க வேண்டும். எந்த இடத்தில் என்பதில்தான் சூட்சுமம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் பட்டை சற்றுப் புடைத்து, மடிப்பு மடிப்பாக ஒரு கழுத்து மாதிரித் தெரியும். அந்தக் கழுத்துக்கு வெளியே அறுக்க வேண்டும். தண்டோடு வழித்தும் எடுக்கக் கூடாது, முண்டு நீட்டியும் விடக் கூடாது. அமெரிக்க வனத்துறையில் ஆராய்ச்சியாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. மரம் காயத்தைப் பழைய மாதிரி ஆற்றிக்கொள்வதில்லை. காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொண்டு போகிறது. அந்தச் சுவரை எழுப்பும் திசு இருப்பது அந்தக் கழுத்தில்.

இதைப் படம் போட்டுக் காட்டலாம். ஆனால் கழுத்து வேம்பில் ஒரு மாதிரி இருக்கும், குல்மொகரில் ஒரு மாதிரி, பூவரசில் கண்டுபிடிப்பதே சிரமம். விரலால் தடவிப் பார்த்து "இங்கன இருக்கு" என்று பத்துக் கிளைகளில் காட்டச் சொன்ன பிறகே ரம்பத்தைக் கொடுக்க வேண்டும். கையில் அரிவாள் இருந்தால் பழைய கைதான் வேலை செய்யும் என்பதால், கவாத்து, அதாவது இப்படிக் கிளை கழிப்பதைப் பழக்கும் நாளில் அரிவாளை ஷெட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வது நல்லது. புதுப் பழக்கம் ஏற்றுவதை விடப் பழைய பழக்கம் தலைதூக்காமல் பார்த்துக்கொள்வது கஷ்டம்.

எல்லா இடத்திலும் வயல் அறிவு இடைஞ்சல் என்று நினைத்துவிடக் கூடாது. உரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். யூரியா மூட்டை 45 கிலோ. ஏக்கருக்கு ஒரு மூட்டை என்று நெல்லுக்குத் தூவிய கணக்கைச் சென்ட்டுக்கு இறக்கினால் 450 கிராம், ஐந்து சென்ட்டுக்கு இரண்டேகால் கிலோ. ஒரு தடவைக்குப் புல்தரைக்கும் ஏறக்குறைய அதுதான் அளவு. அவர்களுக்கே தெரிந்த கணக்கில் இருந்து தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்தது. கூடச் சொல்ல வேண்டியது இரண்டே: இலை ஈரமாக இருக்கும்போது தூவாதே, தூவியதும் தண்ணீர் விடு. காற்று விஷயத்தில் பயிற்சியாளரே அவர்களிடம் கற்கலாம். ஆனி, ஆடியில் எத்தனை மணிக்குக் காற்று கிளம்பும், அதற்கு முன்னால் மருந்தடித்து முடிக்க எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அவர்களைவிட நன்றாக எந்தக் கையேடும் சொல்லாது. கோரைப்புல்லைக் கையால் பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும் என்பதும் களையெடுத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். தெரிந்தும் பிடுங்குகிறார்கள் என்றால், நேரம் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

இனி, நடக்கிற பயிற்சிகள். வருஷத்துக்கு ஒரு நாள், ஏசி ஹாலில், புரொஜெக்டர் வைத்து. காலையில் மண் வளம், பத்து மணிக்குக் களை, பதினொன்றுக்குப் பூச்சி, சாப்பாட்டுக்கு அப்புறம் பாதுகாப்பு, நாலு மணிக்கு குரூப் போட்டோ. இதை நடத்துகிறவர்கள் முதல் படத்திலேயே ஒரு முக்கோணம் காட்டுவது வழக்கம்: படிப்பதில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் 20, பார்ப்பதில் 30, இப்படியே ஏறி, செய்வதில் 90 என்று முடியும். அந்த எண்களுக்கு எந்த ஆய்வும் கிடையாது. எட்கர் டேல் என்ற பேராசிரியர் 1946-இல் வெளியிட்ட கூம்பு வடிவப் படத்தில் எண்ணே இல்லை. பிற்காலத்தில் யாரோ ஒட்டியவை அவை. வேடிக்கை என்னவென்றால், செய்தால் 90 என்று படம் காட்டுகிறவர்கள் அன்றைக்கு முழுவதும் யாரையும் எதையும் செய்யவிடுவதில்லை.

உண்மையான ஆய்வுகள் சொல்வது வேறு. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னையே சோதித்துப் பார்த்து, கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே நழுவிவிடுகிறது என்று காட்டினார். இடைவெளி விட்டுத் திரும்பத் தொட்டால் நழுவுவது குறைகிறது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறியது. மறுபடி படிக்காமல், நினைவில் இருந்து எடுத்துச் சொல்லிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஹாலில் நாலு மணிக்கு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் "புரிஞ்சுது சார்" என்பது இதனால்தான். அந்த நேரத்துக்கு அது பொய்யும் இல்லை. கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று நம் பாட்டிகள் கேட்டார்களே, அதேதான்.

இதற்கு எளிய வழி ஒன்று எண்பது வருஷமாகவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இருந்த ஆண்கள் போருக்குப் போய்விட, தொழிற்சாலையையே பார்த்திராதவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களை அல்ல, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய மேற்பார்வையாளர்களைப் பழக்கலாம் என்று அரசு ஒரு திட்டம் போட்டது. மொத்தம் பத்தே மணி நேரப் பயிற்சி. அதில் நான்கு படி: ஆளைத் தயார் செய்து, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள், வேலையைச் செய்து காட்டி, ஒவ்வொரு அடிக்கும் காரணம் சொல், அவரைச் செய்யவிட்டு, செய்யும்போதே அவர் வாயால் காரணத்தைச் சொல்லவை, அப்புறம் விட்டுவிட்டு, அவ்வப்போது வந்து பார். போர் முடிந்ததும் இந்த முறை ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. ஆள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது அந்தத் திட்டத்தின் அடிப்படை. நம் ஊர் சூப்பர்வைசர்களுக்கு இது கசக்கும்.

புல்வெட்டும் மெஷினான பிரஷ் கட்டருக்குப் பெட்ரோல் கலப்பதை இந்த முறையில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? விஷயம் சின்னது, இஞ்சின் போவது பெரும்பாலும் இதனால். பல ஷெட்களில் இரண்டு ரகமும் இருக்கும். டூ ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு வெறும் பெட்ரோல். ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. கேன் மாறினால் முன்னதில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின்னதில் புகை கக்கும். இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரு கம்பெனி 25-க்கு 1 என்று எழுதும், இன்னொரு கம்பெனி 40-க்கு 1 என்று எழுதும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி. கேட்கிற காதில் 25 என்ற எண் விழுந்ததும் 25 மில்லி ஊற்றிவிடுவார்கள். அதிக ஆயில் கேட்கும் மெஷினுக்குக் குறைந்த ஆயில் போய்ச் சேரும்.

நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் சூப்பர்வைசர் என்றால் பேச்சு இப்படிப் போகும்.

"அண்ணாச்சி, இந்த மெஷின்ல ஆயில் ஊத்துத மூடி எங்க இருக்கு, காட்டுங்க."

"தனியா மூடி எதுவும் இல்லையே தம்பி."

"அப்ப ஆயில் எப்படி உள்ள போகும்?"

"பெட்ரோல் கூடத்தான் போகணும்."

"போகலைன்னா?"

"காஞ்சி போயி பிடிச்சுக்கிடும்லா. எங்க ஊர்ல பம்புசெட் அப்படித்தான் போச்சு."

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. காரணம் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது, அதுவும் அவர் ஊர் பம்புசெட்டோடு ஒட்டிக்கொண்டு. அப்புறம் அளவுக் குவளையில் எந்தக் கோடு வரை என்று சிவப்பு பெயின்டால் ஒரு கீறல், அதே சிவப்பு கேனிலும் மெஷினிலும். மற்ற ரகத்துக்கு மூன்றிலும் பச்சை. எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாதவருக்கும் நிறம் தெரியும். மூன்று நாள் கழித்து, மற்ற வேலைக்கு நடுவே, "ஒரு லிட்டர் கலந்து வையுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். திருத்த வேண்டியது ஏதாவது இருந்தால் அப்போது தெரியும்.

இந்தப் பேச்சில் அண்ணாச்சி என்று எழுதியது பழக்கதோஷத்தால் இல்லை. மெஷின் பக்கம் அக்காமார்களை விடுவதே இல்லை. பத்து வருஷமாக அதே வளாகத்தில் களையெடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தச் செடிக்கு எப்போது வெள்ளைப்பூச்சி வரும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். போன மாதம் சேர்ந்த பையனிடம் பிரஷ் கட்டரைக் கொடுப்பார்கள். அவன் சம்பளமும் கூட. அந்தப் பையன் நாலு மாதத்தில் திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போய்விடுவான். மெஷின் அடுத்த பையன் கைக்குப் போகும். பயிற்சிக்குச் செலவழிக்கிற பணத்தை அங்கேயே இருக்கப் போகிறவர்களிடம் போடாமல் போகப் போகிறவர்களிடம் போடுவது என்ன கணக்கோ தெரியவில்லை. மெஷின் கனம் என்று சாக்குச் சொன்னால், அதன் தோள்வாரை அளவு பார்த்து மாட்டினால் பாரம் இடுப்புக்கு இறங்கிவிடும். அதையும் சொல்லிக்கொடுக்கத்தான் பயிற்சி.

ஆபத்தான விஷயங்களில் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டுவைக்க முடியாது. பூச்சிமருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறம் விஷத்தின் அளவைச் சொல்கிறது: சிவப்பு மிகக் கொடிது, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. களைக்கொல்லியான கிளைபோசேட்டை, பூச்சிக்கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. பல வளாகங்களுக்கு அது இன்னும் எட்டவில்லை. அளவு விஷயத்தில், மூடிக்கணக்கு கூடாது. லிட்டருக்கு 2 மில்லி என்றால் 16 லிட்டர் டேங்குக்கு 32 மில்லி, அளவுக் குவளையில்தான். மூடி ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒவ்வோர் அளவு.

பாம்பு இன்னொன்று. இந்த வறண்ட பூமியில் சுருட்டை விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். சருகில் நேரே கையை விடாமல் முதலில் வாரியால் இழுப்பது, கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. வயலில் கயிறு கட்டிப் பழகியவர்களுக்கு இதுவும் மறக்கவேண்டிய பழக்கம்தான், எனவே ஒரு தடவை சொன்னால் போதாது. பிரஷ் கட்டர் ஓடும்போது 15 மீட்டருக்குள் ஆள் வரக் கூடாது என்பதைக் கயிறு கட்டிக் காட்டுங்கள். தெறிக்கும் கல் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு பழைய தகரத்தை நிறுத்திவைத்துக் காட்டினால் கண்ணாடி போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்காது.

பக்கத்தில் நின்று பார்க்க ஆளே இல்லாத சமயங்களும் வரும். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. வெள்ளம் வடிந்த பிறகு தாழ்வான இடங்களில் புல்தரை மேல் வண்டல் படிந்து கிடந்தது. அதைக் காயவிட்டால் ஓடாக இறுகி அடியில் இருக்கும் புல்லை மூச்சுமுட்ட வைக்கும். ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் அடித்தும் பலகையால் தள்ளியும் எடுக்க வேண்டும். வயலுக்கு வண்டல் வரம். அதனால் விட்டுவைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த மாதிரி அபூர்வமாக வருவதை எழுதி வைப்பதுதான் வழி: என்ன செய்தோம், எது பிழைத்தது, எது போச்சு என்று ஒரு நோட்டில், அல்லது போனில் குரல் பதிவாக.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். தோட்டக்காரர் வேலைக்கென்று வேளாண் திறன் குழு தேசிய அளவில் தகுதித் தரம் வகுத்திருக்கிறது. 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், பள்ளிக்கூடம் போகாமல் வேலையிலேயே கற்றவர்களைச் சோதித்து, தெரிந்ததை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் பிரிவும் உண்டு. வயலில் இருந்து வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் சான்றிதழ் இருந்தால் கூலி ஏறும் என்று எந்த டெண்டரிலும் இல்லாதவரை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சோதனைக்குப் போய் வர யாருக்கு என்ன அவசியம்? கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து ஆளை வரவழைத்து இந்த வளாக மரங்களிலேயே கவாத்துக் காட்டச் சொல்வதும் நடக்கக்கூடிய காரியம்தான். கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும்.

இப்போது வளாகங்கள் போடும் ஒப்பந்தத்தில் இத்தனை ஆள், இத்தனை மணி நேரம், இத்தனை சதுர மீட்டர் என்று இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் நேரம் அதில் எங்கும் இல்லை. அதனால் சூப்பர்வைசர் கால் மணி நேரம் நின்று ஒருவருக்குக் கிளையின் கழுத்தைத் தடவிக் காட்டினால் அது ஏஜென்சிக்கு நஷ்டம். ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு காலை, கூலியோடு, கால் மணி நேரம் பழக்க வேண்டும். புதிதாக வருகிறவர் முதல் பத்து நாள் பழைய ஆளுக்குக் கையாளாக மட்டும் நிற்க வேண்டும். அந்தப் பழைய ஆளுக்கு அந்த நாட்களுக்கு ஒரு தொகை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மெஷின் பழக்கும்போது அங்கேயே நீண்ட நாள் இருக்கும் பெண்களில் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். ஆவணிக்குள் இதைப் போட்டுவிட்டால், ஐப்பசி மழைக்கு முந்தைய கவாத்தை இந்த வருஷமே ரம்பத்தால் செய்து பார்த்துவிடலாம்.